பித்தம் ஏறிய காதலன்: ஒரு மெரெங்கே பாட்டின் பொருள்

இன்றைக்கு ஒரே ஒரு பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். டொமினிக்கன் குடியரசுக்காரர்கள் யாராவது உங்களுக்குப் பழக்கம் இருந்தால், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ போயிருந்தால், இதைக் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள். பாட்டு ஆரம்பித்ததுமே உட்கார்ந்திருந்த கிழவிகள்கூட எழுந்துவிடுவார்கள். பெயர் 'லா பிலிருபினா'. பாடி எழுதியவர் ஹுவான் லூயிஸ் கெர்ரா. 1990 கடைசியில் வந்த 'பச்சாத்தா ரோசா' என்ற ஆல்பத்தில் இருக்கிறது.

பிலிருபினா என்றால் நம்முடைய லேப் ரிப்போர்ட்டில் வருகிற அதே பிலிருபின்தான். மஞ்சள் காமாலை வந்தால் ஏறுமே, அது. ஒரு காதல் பாட்டுக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா? வைத்தார், அது கண்டம் முழுக்க ஓடியது. அந்த ஆல்பத்துக்கு 1992-இல் கிராமி விருதும் கிடைத்தது.

இதை எல்லோரும் ஒரு வேடிக்கைப் பாட்டாகத்தான் கேட்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் கேட்டேன். இப்போது அப்படிக் கேட்க முடியவில்லை. ஏன் என்று சொல்வதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

நான் எங்கே இதைக் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏன்னா அதற்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இருக்கு. நான் லேப் டெக்னீஷியன். நியூயார்க்கில் வாஷிங்டன் ஹைட்ஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சில வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். அந்தப் பகுதி டொமினிக்கன் மக்கள் நிறைந்த இடம். ரத்தம் எடுத்துக் கொண்டுவருகிற ஒரு அம்மா, என்னைவிட பத்து வயது பெரியவர், சாண்டியாகோ நகரத்துக்காரர். ரத்தத்தை மெஷினில் சுற்றவிட்டு எடுத்தால் மேலே தெளிந்து நிற்கும், அதுதான் சீரம். சாதாரணமாக அது வெளிர் மஞ்சளாக இருக்கும். ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு அடர்த்தியான மஞ்சளாக, சில சமயம் டீ நிறத்தில்கூட வரும். அப்படி ஒரு டியூப் வெளியே வந்தால் போதும், அந்த அம்மா இந்தப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். இடுப்பும் கொஞ்சம் ஆடும். ராத்திரி மூணு மணிக்கு எங்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அதுதான்.

அவர்தான் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை பொருள் சொன்னது. ஸ்பானிஷ் நான் கற்றுக்கொண்டதே பாதி அப்படித்தான்.

சரி, பாட்டில் என்ன நடக்கிறது? வரிகளைச் சொல்லப்போவதில்லை, கதையை மட்டும் சொல்கிறேன். ஒருத்தன் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசுகிறான். உன் மேல் உள்ள காதலால் எனக்குப் போன நாள் காய்ச்சல் வந்துவிட்டது என்று தொடங்குகிறான். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். படுக்கைக்கு இன்ஷூரன்ஸ்கூட அவனிடம் இல்லை. கலர் கலராக ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள். நெஞ்சு அடித்துக்கொள்கிற விதத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஸ்பானிஷில் 'மால் தெ அமோரெஸ்' என்பார்கள், காதல் நோய். அதுதான் இவனுக்கு என்கிறார்கள். பிறகும் விடவில்லை, கத்தியும் கதிருமாக உயிர் வரைக்கும் கிளறிப் பார்க்கிறார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அவளிடமே கெஞ்சுகிறான்: நீயே ஒரு ஊசி எடு, இன்சுலின் போடுவது மாதிரி உன் காதலை ஏற்று, என் முகம் மஞ்சளாகிக் கிடக்கிறது பார். அப்புறம் பல்லவி: பிலிருபின் ஏறுகிறது. எப்போது ஏறுகிறது? அவன் பார்க்கும்போது அவள் பார்க்காமல் இருந்தால். ஆஸ்பிரினும் கேட்காது, பெனிசிலினும் கேட்காது.

பிலிருபினா, ஆஸ்பிரினா, பெனிசிலினா, இன்சுலினா என்று ஒரு மருந்துக் கடையையே எதுகையாக அடுக்கியிருக்கிறார் மனுஷன். பாடுவதற்கு வாய்க்கு அவ்வளவு இனிப்பாக இருக்கும்.

இதை மொழிபெயர்க்க முயன்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. மற்ற பல மொழிகளில் இந்தத் தலைப்பைச் சொன்னால் விளக்கம் கொடுக்க வேண்டும். தமிழில் வேண்டியதே இல்லை. 'அவனுக்குப் பித்தம் தலைக்கேறிப் போச்சு' என்று நம் பாட்டி சொல்வாளே, அதேதான். பித்தம், பித்து, பித்தன் எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். ஈரலில் ஊறுகிற கசப்பு நீருக்கும், ஒருத்தி மேல் கிறுக்காக அலைவதற்கும் நாம் ஒரே வேரை வைத்திருக்கிறோம். பிரிவில் உடம்பில் படர்கிற நிறமாற்றத்துக்கும் 'பசலை' என்று தனிச் சொல் இருக்கிறது. கெர்ராவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. அவர் வேறொரு பாதையில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்தப் பாதை கிரேக்க வைத்தியம். ஹிப்போகிரேட்டஸ் மரபில் உடம்பில் நான்கு நீர்கள்: ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். கரும்பித்தம் மிஞ்சினால் மனிதன் சோர்ந்துபோவான், காரணமில்லாமல் துக்கப்படுவான். கிரேக்கத்தில் 'மெலாஸ்' என்றால் கறுப்பு, 'கோலே' என்றால் பித்தம். இரண்டும் சேர்ந்துதான் மெலங்கோலி. சோகத்துக்கு உலகம் முழுக்கப் புழங்குகிற அந்தச் சொல்லே ஒரு பித்தத்தின் பெயர். பிலிருபின் என்பதும் லத்தீனில் பித்தம், சிவப்பு என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து உண்டாக்கியதுதான். அதனால் 'இது சோகப் பாட்டா?' என்று யாராவது கேட்டால், அந்தச் சொல்லின் மிகப் பழைய அர்த்தத்திலேயே ஆமாம் என்பேன். பித்தத்தைப் பற்றிய பாட்டு அது.

நாடியைப் பார்த்துக் காதலைக் கண்டுபிடிக்கிற வைத்தியரும் ரொம்பப் பழைய ஆள். புளூடார்க் எழுதியிருக்கிறார். செலூக்கஸ் மன்னனின் மகன் அந்தியோகஸ் படுத்த படுக்கையாகிவிட்டான். எராசிஸ்ட்ரேட்டஸ் என்ற வைத்தியர் அறையிலேயே உட்கார்ந்து யார் யார் வந்துபோகிறார்கள், அப்போது பையனுக்கு என்ன ஆகிறது என்று கவனிக்கிறார். யார் வந்தாலும் ஒன்றும் இல்லை. சின்ன ராணி ஸ்டிராட்டனிகே, அதாவது அப்பாவின் இளம் மனைவி, உள்ளே வந்தால் மட்டும் பேச்சுக் குழறுகிறது, வியர்க்கிறது, நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது, நிறம் வெளிறுகிறது. வைத்தியருக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் மன்னன் தன் மனைவியையே மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுகிறான். ஸ்டிராட்டனிகேயை யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. இந்த விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்துத் திரும்பி வருவேன், மறந்துவிடாதீர்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது கேலன் சொல்கிற கதை. ரோமாபுரியில் யுஸ்டஸ் என்பவரின் மனைவிக்குத் தூக்கமில்லை, என்ன கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கேலன் கையைப் பிடித்திருக்கும்போது தற்செயலாக யாரோ வந்து, பிலாடீஸ் ஆடுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறார். உடனே நாடி துள்ளுகிறது. மறுநாள் வேண்டுமென்றே வேறொரு நடனக்காரன் பெயரைச் சொல்லவைக்கிறார், நாடி அப்படியே இருக்கிறது. பிலாடீஸ் பெயரைச் சொன்னால்தான் ஓடுகிறது. ஆக, கேலன் கண்ட அந்தக் காதல் நோய் ஒரு நடனக்காரனால் வந்தது. ஆடுவதற்காகவே எழுதப்பட்ட ஒரு பாட்டில், இதயத் துடிப்பைப் பார்த்து டாக்டர்கள் காதல் நோய் என்று சொல்லும்போது, இரண்டாயிரம் வருஷமாக நடக்கிற அதே பரிசோதனை நடக்கிறது. எக்ஸ்ரே மட்டும்தான் புதுசு.

கெர்ரா சும்மா அடித்துவிட்டிருப்பார் என்று நினைக்காதீர்கள். சாண்டோ டொமிங்கோவில் பிறந்தவர், 1957-இல். முதலில் அங்கே பல்கலைக்கழகத்தில் தத்துவமும் இலக்கியமும் படித்தார். அப்புறம் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போய் ஜாஸ் படித்தார். அவருடைய குழுவின் பெயர் 4.40. சுருதி கூட்டும்போது வைக்கிற 440 ஹெர்ட்ஸ் கணக்கு. பெயரிலேயே எவ்வளவு ஒழுங்கு பாருங்க.

இப்போது லேப்காரனாக ஒரு இரண்டு நிமிஷம் பேச அனுமதி கொடுங்கள். பிலிருபின் எங்கிருந்து வருகிறது? நம் ரத்தத்தின் சிவப்பணு ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் வாழும். பிறகு உடையும். உடைந்த சிவப்பு உடம்புக்குள் பச்சையாகி, பிறகு மஞ்சளாகும். அடிபட்ட கன்றிப்போன இடம் நாள்பட நிறம் மாறுமே, அதே கணக்கு. அந்த மஞ்சளை ஈரல் பிடித்துப் பதப்படுத்திப் பித்தநீரோடு வெளியே அனுப்புகிறது. ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சுமார் 1.2 மில்லிகிராம் வரை இருந்தால் கவலையில்லை. இரண்டரை, மூன்று என்று ஏறினால் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். அதாவது பிலிருபின் என்பது இறந்துபோன ரத்தத்தின் மிச்சம். உயிரோடு இருக்கிற ஒவ்வொருவரிடமும் தினம் கொஞ்சம் உண்டாகிறது. வெளியே போக வழியில்லாமல் தேங்கினால்தான் மஞ்சள். காதலுக்கு இதைவிட நல்ல உவமை யாருக்காவது கிடைக்குமா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னால் அந்த அம்மா நம்பவே மாட்டார். காதலால் நிஜமாகவே பிலிருபின் ஏறலாம். கில்பர்ட் சின்ட்ரோம் என்று ஒன்று இருக்கிறது. நூறு பேரில் மூன்றிலிருந்து ஏழு பேர் வரை அது இருக்கும், பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. ஆபத்தில்லாதது. ஈரலின் ஒரு என்சைம் கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதான். இவர்கள் பட்டினி கிடந்தால், தூங்காமல் இருந்தால், காய்ச்சல் வந்தால், மன உளைச்சலில் இருந்தால் பிலிருபின் ஏறி, கண் லேசாக மஞ்சளிக்கும். சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், காய்ச்சலில் புரள்கிற ஒரு காதலன்... நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நல்லா சாப்பிட்டுத் தூங்கினால் தானாக இறங்கிவிடும். ஆஸ்பிரினும் பெனிசிலினும் தேவையே இல்லை. பாட்டு சொல்வது மருத்துவப்படியும் தப்பில்லை!

சரி, சோகம் எங்கே இருக்கு என்று கேட்பீர்கள். தாளத்தைக் கேட்டால் சோகம் இல்லவே இல்லை.

மெரெங்கே அப்படிப்பட்ட இசை. தம்போரா என்று ஒரு மத்தளம், தவில் மாதிரி ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் கை. குயிரா என்று ஒரு உலோக உருளை, துளைத் துளையாக இருக்கும், தேங்காய் துருவி மாதிரி. அதைக் கம்பியால் சுரண்டுவார்கள். அது ஒரு நொடி நிற்காது. கிராமத்து மெரெங்கேயில் அக்கார்டியன், நகரத்து மெரெங்கேயில் சாக்ஸபோன் கூட்டம். 1930-லிருந்து 1961 வரை நாட்டை ஆண்ட சர்வாதிகாரி த்ருஹியோ இதைத்தான் நாட்டின் இசையாக்கி, மாளிகை விருந்து வரை கொண்டுபோனார். அவரைப் புகழ்ந்தும் எத்தனையோ மெரெங்கே பாடினார்கள். அந்த இசையின் முகம் எப்போதுமே சிரித்த முகம்தான். சிரிக்காமல் இருக்க முடியாத காலத்திலும் சிரித்த முகம். பாட்டுக்குள்ளே என்ன இருந்தாலும் குயிரா நிற்காது.

அழுவதற்கு அந்த நாட்டில் வேறொரு இசை இருந்தது, பச்சாத்தா. அதற்குப் பழைய பெயர் 'அமார்கே', கசப்பு. கிதாரும் சாராயக் கடையும், ஏமாற்றிவிட்டுப் போன பெண்ணைத் திட்டுகிற பாட்டும். கௌரவமான வீடுகளில் வைக்க மாட்டார்கள். கெர்ரா அதை எடுத்துப் பளபளப்பாக்கி, ஆல்பத்தின் பெயரிலேயே வைத்தார். அது பெரிய கதை, இன்னொரு நாள் பேசுவோம். நான் சொல்ல வருவது இதுதான்: அமார்கே என்றால் கசப்பு, பித்தம் என்றாலும் கசப்பு. பச்சாத்தாவில் கசப்பு நேராக நாக்கில் படும். இந்த மெரெங்கேயில் அதை ஒரு ரத்தப் பரிசோதனைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே விழுங்கிவிடுகிறோம்.

இப்போது ஸ்டிராட்டனிகேக்கு வருவோம். பாட்டு முழுக்க ஒருத்தியை முன்னிலையில் வைத்துத்தான் பேசப்படுகிறது. 'கிறிஸ்தியானா' என்று கூப்பிடுகிறான். மதத்தைச் சொல்லவில்லை, அந்த ஊர் வழக்கில் 'ஏ பொண்ணே' மாதிரி. அப்புறம் 'நேக்ரா', கறுப்பி. அதுவும் திட்டு இல்லை, கொஞ்சல். நம்மில்கூடக் கறுப்பி என்று ஆசையாகக் கூப்பிடுகிற வீடுகள் உண்டு இல்லையா, அதே தொனி. இப்படி இரண்டு மூன்று விதமாகக் கூப்பிடுகிறான். அவள் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தாள் என்று பாட்டில் இல்லை. பார்த்தாள் என்று இல்லை. டாக்டர் வருகிறார், ட்ரிப்ஸ் வருகிறது, கத்தி வருகிறது, எல்லாம் வருகிறது. அவள் வரவில்லை. அவன் கேட்கிற மருந்து அவளுடைய முத்தம், அது பாட்டு முடியும்வரை கிடைக்கவில்லை.

நான் இதைக் கண்டுபிடித்த பெருமையில் வீட்டில் சொன்னேன். என் மனைவி சொன்னாள்: "அவ ஏன் பாக்கணும்? இவனுக்குக் காய்ச்சல் வந்தா அது அவ வேலையா?"

நியாயமான கேள்வி. ரொம்ப நாள் யோசித்தேன். இந்தப் பாட்டின் நல்ல குணம் அங்கேதான் இருக்கு என்று இப்போது நினைக்கிறேன். காதல் மறுக்கப்பட்ட ஆண் பாடுகிற பாட்டுகள் எந்த மொழியிலும் சீக்கிரம் சாபத்துக்குப் போய்விடும். இவன் ஒரு சாபம் கொடுக்கவில்லை. அவளைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. அவள் எப்படிப்பட்டவள் என்றுகூடச் சொல்லவில்லை. புகார் செய்வது முழுக்க முழுக்க தன் உடம்பைப் பற்றித்தான். என் ஈரல் இப்படி ஆகிவிட்டது, என் நெஞ்சு இப்படி அடிக்கிறது, என் முகம் மஞ்சளாகிவிட்டது. கேலி செய்துகொள்வதும் தன்னைத்தான். கூட்டத்தில் வெட்கத்தை மறைக்க ஒருத்தன் ஜோக் மேல் ஜோக்காகச் சொல்லிக்கொண்டே போவானே, அந்த மாதிரி. ஜோக் நின்றால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் குயிராவும் நிற்பதில்லை.

மெரெங்கே ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஜோடியாக, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, நேருக்கு நேர். முகத்துக்கும் முகத்துக்கும் ஒரு சாண் இருக்கும். ஒருத்தி தன்னைப் பார்க்கவில்லை என்று ஒருவன் பாடுகிறான், அதற்கு நூறு ஜோடிகள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆடுகிறார்கள். மேடையில் மைக் முன்னால் நிற்கிறவன் மட்டும்தான் அந்த அறையில் தனி ஆள்.

இதுவரை சொன்னது என் வாசிப்பு. இனி அந்த அம்மா சொன்னது.

ஒரு ராத்திரி ஒரு டியூப் வந்தது. சுற்றி எடுத்தபோது சீரம் கடுந்தேநீர் நிறம். மெஷின் 18 என்று காட்டியது. மறுபடி ஓட்டினேன், அதே 18. நான் திரும்பி அவரைப் பார்த்தேன், பழக்கதோஷம், பாட்டு வரும் என்று. வரவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: அவர் ஊர்ப்பக்கத்து ஆளாம், ஏதோ சமையலறையில் வேலையாம். கண் மஞ்சளாகி ஐந்து வாரம் ஆச்சு. வலி இல்லை, அதனால் வரவில்லை. வலி இருந்திருந்தாலும் வந்திருப்பாரா தெரியாது, இன்ஷூரன்ஸ் கிடையாது. பில் எவ்வளவு வருமோ என்ற பயம். கூட வேலை பார்ப்பவர்கள் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், வலியில்லாமல் வருகிற மஞ்சள்தான் பயப்பட வேண்டிய மஞ்சள். கணையத்தில் ஏதாவது வளர்ந்து பித்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நீ பிலிருபினாவைக் கேட்டுட்டு சிரிக்கிற. எங்க ஊர்ல அதுக்கு முன்னாடியே சிரிச்சு முடிச்சிடுவோம். இன்ஷூரன்ஸ் இல்லாதவன் ஆஸ்பத்திரியில படுத்திருக்கான் பாரு, அதுதான் முதல் ஜோக்."

அந்த இடத்தை நான் அதுவரை கவனித்ததே இல்லை. பாட்டின் தொடக்கத்திலேயே வருகிறது, ஒரு அரை வரி. 1990-இல் டொமினிக்கன் குடியரசில் சமூகக் காப்பீடு என்பது முறையான சம்பள வேலையில் இருப்பவர்களுக்குத்தான். தெருவில் விற்பவன், வயலில் கூலிக்குப் போகிறவன், வீட்டு வேலை செய்கிற பெண் எல்லாம் வெளியே. எல்லோருக்குமான காப்பீட்டுக்குச் சட்டம் வந்ததே 2001-இல்தான். அந்த 1990 விலைவாசி தாறுமாறாக ஏறி, மணிக்கணக்கில் கரண்ட் இல்லாத வருஷம். ஆக, அந்த அரை வரியில் இவன் யார் என்று சொல்லியாகிவிட்டது. சம்பளச் சீட்டு இல்லாதவன். அப்படிப்பட்டவனுக்குக் கலர் கலராக ட்ரிப்ஸ், எக்ஸ்ரே, ஆபரேஷன், எல்லாம் வரிசையாக நடக்கிறது. கேட்கிறவர்களுக்குத் தெரியும், இது நடக்காது. ஒரு ஏழையின் கனவில் வருகிற ஆஸ்பத்திரி அது. அங்கே எல்லா மருந்தும் இருக்கிறது, காதலுக்குத்தான் மருந்தில்லை. நிஜ ஆஸ்பத்திரி எப்படி இருக்கும்?

அதையும் கெர்ராவே பாடினார், எட்டு வருஷம் கழித்து. 1998-இல் 'எல் நியாகரா என் பிசிக்லேத்தா'. நயாகராவை சைக்கிளில் கடப்பது என்று அர்த்தம், செய்ய முடியாத காரியத்துக்கு அங்கே சொல்கிற வழக்கு. அதிலும் ஒருவன் மயங்கி விழுகிறான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். இந்தத் தடவை காதல் இல்லை. இதயத்தைப் பரிசோதிக்கலாம் என்றால் கரண்ட் இல்லை, சாதாரண மருந்து மாத்திரைகூட இல்லை. முதல் பாட்டின் எக்ஸ்ரே மெஷினை யாரோ அணைத்துவிட்ட மாதிரி இருக்கும். 2000-இல் முதன்முதலாக லத்தீன் கிராமி கொடுத்தபோது சிறந்த வெப்பமண்டல இசைப் பாடல் விருது அதற்குத்தான். பலர் அதைத்தான் அவருடைய துணிச்சலான பாட்டு என்பார்கள். இருக்கட்டும். எனக்கென்னவோ அந்த அரை வரிதான் பெரிதாகப் படுகிறது. புகார் செய்யாமல், போகிற போக்கில், அவளுக்குத் தன் கஷ்டத்தைச் சொல்கிற சாக்கில் சொல்லிவிட்டுப் போகிறான். அவள் பார்க்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என்றுகூட எனக்கு இப்போது சந்தேகம். பாட்டு சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொள்கிறேன்.

அந்த 18 யாருடையது, என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. லேப்பில் வேலை அப்படித்தான், டியூப் வரும், எண் போகும், ஆள் முகம் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம், நான் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்கு அவர் பாடவில்லை. அப்புறம் ஒரு நாள் பிறந்த குழந்தைகளின் சாம்பிள் ஒரு கட்டு வந்தது. பிறந்த முதல் வாரத்தில் நிறையக் குழந்தைகளுக்கு மஞ்சள் இருக்கும், பெரும்பாலும் தானாகப் போய்விடும். விரல் நீளம்கூட இல்லாத குட்டிக் குட்டி டியூப்கள், எல்லாம் மஞ்சள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார். நானும் கூடச் சேர்ந்து தப்புத்தப்பாகப் பாடினேன்.

பாட்டைத் தேடிக் கேளுங்கள். முதல் தடவை ஆடிவிடுங்கள், அதில் தப்பே இல்லை. இரண்டாவது தடவை ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். அவள் பதில் சொல்கிற மாதிரி எங்காவது உங்களுக்குக் கேட்டால் எனக்கு எழுதுங்கள். நான் கேட்டவரை இல்லை.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம். வணக்கம்.